‘நீங்கள் போகிற படகு’: ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் குளோஸை எப்படிப் பழகுவது?

உப்புவெளி வரவேற்பாளன்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் கடற்கரையோரமாக உள்ள ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். வெளிநாட்டு விருந்தினர்களோடு பேசுவதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. விட்டு விட்டுப் பேசினாலும் கையால் காட்டிச் சமாளித்துவிடலாம். எழுதும்போதுதான் இடறுகிறேன். கடந்த வாரம் புறாத் தீவுக்குச் செல்பவர்களுக்காக ஓர் அறிவித்தல் எழுதிப் பலகையில் ஒட்டினேன். அதன் முதல் வாக்கியம் இது: ‘த போட் விச் யூ வில் கோ இட் லீவ்ஸ் அட் செவன்.’ நீங்கள் போகிற படகு ஏழு மணிக்குப் புறப்படும் என்று சொல்ல நினைத்தேன். மாலையில் பார்த்தபோது, விருந்தினர் ஒருவர் ‘இட்’ என்பதைப் பென்சிலால் வெட்டிவிட்டு, ‘கோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘இன்’ என்று சிறிய எழுத்தில் சேர்த்திருந்தார். அவர் அன்போடுதான் செய்தார்; ஆனால் ஒன்றை ஏன் நீக்கினார், மற்றதை ஏன் சேர்த்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரிலேட்டிவ் குளோஸ், அதாவது ஒரு பெயரை விளக்க அதன் பின்னால் சேர்க்கிற கூறு, எழுதுவதற்கு மனிதருக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’, இடத்துக்கு ‘வெயர்’ என்ற அட்டவணையைப் பாடசாலையில் மனப்பாடம் செய்தேன். இடைவெளி நிரப்பும் வினாக்களில் எப்போதும் நல்ல புள்ளிதான் கிடைத்தது. சொந்தமாக எழுதும்போது அந்த அட்டவணை கைகொடுக்கவில்லை. எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், திருகோணமலை

தம்பி, உங்கள் விருந்தினர் செய்த இரண்டு திருத்தங்களும் சரியானவை. இடைவெளி நிரப்பும் வினாவில் வாக்கியத்தை வேறொருவர் கட்டித் தந்துவிடுகிறார். மாணவர் ஒரு சொல்லை மட்டும் தெரிவு செய்கிறார். நீங்கள் படாத பாடு படுவது வாக்கியத்தைக் கட்டுகிற இடத்தில். ஆகவே பயிற்சியும் கட்டுவதிலேயே தொடங்க வேண்டும்.

நான் வகுப்பில் நீண்ட காலம் செய்த முறையைச் சொல்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், அந்தப் பழக்கம் பின்னால் காற்புள்ளிக்கும் உதவும். பழைய கொப்பி ஒன்றிலிருந்து இரண்டு நீளமான தாள் துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டில் ‘த போட் லீவ்ஸ் அட் செவன்’ என்று எழுதுங்கள். இரண்டாவது துண்டில் ‘யூ வில் கோ இன் த போட்’ என்று எழுதுங்கள். இரண்டிலும் வருகிற பொருள் படகுதான். இரண்டாவது துண்டில் உள்ள ‘த போட்’ என்ற பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து எறிந்துவிடுங்கள். கையில் ‘யூ வில் கோ இன்’ என்பது மிஞ்சும். அந்த ‘இன்’ தாளின் விளிம்பிலேயே நிற்பதைக் கண்ணால் பாருங்கள். அதை யாரும் வெட்டவில்லை, ஆகவே அது அங்கேயே இருக்கும். இப்போது ஒரு சிறு துண்டில் ‘விச்’ என்று எழுதி அதை முன்னால் ஒட்டுங்கள். பிறகு முதல் துண்டை ‘போட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வெட்டிப் பிரித்து, நடுவில் இதை வையுங்கள். ‘த போட் விச் யூ வில் கோ இன் லீவ்ஸ் அட் செவன்’ என்று வந்துவிடும்.

‘இட்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். இரண்டு துண்டுகளில் எதிலும் அந்தச் சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடுவில் நீளமான பகுதி புகுந்தவுடன், வாக்கியத்தின் எழுவாயை ஏற்கெனவே சொல்லிவிட்டோம் என்பதை மனம் மறந்துவிடுகிறது. மறுபடியும் ஒரு எழுவாயைத் தேடிப் போடுகிறது. கையால் பத்து வாக்கியங்களை வெட்டி ஒட்டினால் இந்தப் பழக்கம் விட்டுப்போகும். தரம் 10, 11 பிள்ளைகளிடம் இதை நான் நேரே கண்டிருக்கிறேன்.

மூதூர்த் தமிழாசிரியை

ஆசிரியர் சொன்ன வெட்டி ஒட்டும் முறையை வரவேற்கிறேன். இந்தப் பிழைகள் நம் பிள்ளைகளுக்கு ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதற்கு நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஆங்கில விதிகளை மட்டும் அடுக்குவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் குளோஸ் செய்கிற வேலையைத் தமிழில் பெயரெச்சம் செய்கிறது. ‘வந்த பையன்’, ‘வாங்கிய மீன்’ என்பவை பெயரெச்சத் தொடர்கள். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்ற ஆறு வகைப் பெயர்களையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. வெட்டுதல் என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் வெட்டிய அம்மா, அம்மா மீன் வெட்டிய கத்தி, அம்மா மீன் வெட்டிய திண்ணை, அம்மா மீன் வெட்டிய செயல், அம்மா மீன் வெட்டிய நேரம், அம்மா வெட்டிய மீன். எல்லாவற்றிலும் ‘வெட்டிய’ என்ற வடிவம் அப்படியே நிற்கிறது. அம்மா வெட்டினார், கத்தியால் வெட்டினார், திண்ணையில் வெட்டினார், மீனை வெட்டினார் என்ற வேறுபாடு முழுவதும் கேட்பவர் மனத்தில் தானாகவே விளங்குகிறது. ‘ஆல்’, ‘இல்’, ‘ஐ’ என்ற வேற்றுமை உருபுகள் எங்கே போயின? பெயரோடு ஒட்டியிருந்தவை, பெயர் இடம் மாறியதும் அவையும் உதிர்ந்துவிட்டன.

ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்கிற ‘வித்’, ‘இன்’, ‘ஃபார்’ ஆகியவை பெயரோடு ஒட்டாமல் முன்னால் தனிச் சொல்லாக நிற்கின்றன. அதனால் பெயர் போன பிறகும் அவை போவதில்லை. அம்மா மீன் வெட்டிய கத்தி என்பதை ‘த நைஃப் விச் மை மதர் கட் த ஃபிஷ்’ என்று எழுதும் பிள்ளை தமிழில் சரியாகத்தான் சிந்திக்கிறது. ஆங்கிலம் அங்கே ‘வித்’ என்ற சொல்லையும் கேட்கிறது: ‘த நைஃப் விச் மை மதர் கட் த ஃபிஷ் வித்.’ உப்புவெளித் தம்பி விட்ட ‘இன்’ இதே வகைதான். ‘படகில் போகிறேன்’ என்பதில் இருந்த ‘இல்’, ‘போகிற படகு’ என்று ஆனவுடன் தமிழில் மறைந்தது. ஆங்கிலத்தில் மறையக் கூடாது.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்கிறேன். ‘சம்பந்தர் பாடிய பதிகம்’, ‘சம்பந்தர் பாடிய கோயில்’ என்று இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். பதிகத்தைப் பாடினார், கோணேசர் கோயிலைப் பற்றிப் பாடினார். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘விச் சம்பந்தர் சேங்’ போதும், இரண்டாவதற்கு ‘விச் சம்பந்தர் சேங் அபௌட்’ என்று எழுதியே ஆக வேண்டும். ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: பெயரெச்சத்தை ஆங்கிலத்தில் எழுதுமுன், அந்தப் பெயரைப் பழைய இடத்தில் வைத்து வேற்றுமை உருபோடு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். படகில், கத்தியால், கோயிலைப் பற்றி. உருபு வந்தால் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் ஒரு சிறு சொல் வர வேண்டியிருக்கும். ‘ஐ’ உருபு மட்டும் விலக்கு. மீனை வாங்கினேன் என்பதற்கு அங்கே தனிச் சொல் தேவையில்லை. ‘நான் காத்திருந்த பஸ்’ என்பதையும் நினைவில் வையுங்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன், ஆகவே ‘த பஸ் ஐ வெயிட்டட் ஃபார்.’

‘இட்’ என்ற சொல்லுக்கும் தமிழில் ஒரு வேர் உண்டு என்று நினைக்கிறேன். ‘எந்தப் படகில் போகிறீர்களோ அது ஏழு மணிக்குப் புறப்படும்’, ‘யார் முதலில் வருகிறாரோ அவருக்குக் கிடைக்கும்’ என்று நாம் பேசுகிறோம். அங்கே ‘அது’வும் ‘அவரு’ம் கட்டாயம். ‘விச்’ என்பதை ‘எது’ என்று மொழிபெயர்த்துப் படித்த பிள்ளைக்கு, அதன் இணையான ‘அது’வும் கூடவே வந்துவிடுகிறது.

கிண்ணியாத் தாய்

ரீச்சர், உங்கள் விளக்கத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கத்தி எடுத்துக்காட்டில் உடனே பிடித்துக்கொண்டாள். அவள் அடுத்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கு வேறொரு குழப்பம் இருக்கிறது. இடத்துக்கு ‘வெயர்’ என்று படித்ததால், ‘கண்டி இஸ் த டவுன் வெயர் ஐ விசிட்டட்’ என்று கட்டுரையில் எழுதினாள். பிழை என்று கோடு போட்டிருந்தார்கள். கண்டி இடம்தானே என்று அவள் கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ‘ஹூஸ்’ என்பதையும் மனிதருக்கு மட்டும்தான் பாவிக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், திருகோணமலை

மகளின் கேள்வி நியாயமானது, அம்மா. பிழை அட்டவணையில்தான் இருக்கிறது. முன்னால் உள்ள பெயர் இடமா பொருளா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. தாளிலிருந்து என்ன வெட்டி எடுத்தோம் என்று பார்க்க வேண்டும். ‘ஐ விசிட்டட் த டவுன்’ என்பதில் ‘த டவுன்’ மட்டும் வெட்டப்படுகிறது, ஆகவே ‘விச்’. ‘ஐ லிவ் இன் த டவுன்’ என்பதில் ‘இன் த டவுன்’ முழுவதையும் சேர்த்து வெட்டினால் ‘வெயர்’ வரும். ‘த டவுன்’ மட்டும் வெட்டினால் ‘விச்’ வந்து, ‘இன்’ வாக்கியத்தில் மிஞ்சும். தமிழாசிரியை சொன்ன உருபுச் சோதனையும் இங்கே பொருந்துகிறது: நகரத்தைப் பார்த்தேன், நகரத்தில் வாழ்கிறேன். ‘இல்’ வருகிற இடத்தில் ‘வெயர்’ எழுதலாம், ‘ஐ’ வருகிற இடத்தில் எழுத முடியாது. ‘வென்’ என்பதும் இப்படியே: ‘நாங்கள் சந்தித்த நாள்’ என்றால் அந்த நாளில் சந்தித்தோம், ஆகவே ‘வென்’; ‘நான் மறக்காத நாள்’ என்றால் அந்த நாளை மறக்கவில்லை, ஆகவே ‘விச்’ அல்லது ‘தட்’.

‘ஹூஸ்’ பொருளுக்கும் வரும். கதவு உடைந்த வீடு என்பதை ‘த ஹவுஸ் ஹூஸ் டோர் இஸ் புரோக்கன்’ என்று தயங்காமல் எழுதலாம்.

மொழிபெயர்ப்பாளர்

அரச அலுவலகக் கடிதங்களை மூன்று மொழிகளிலும் கையாளும் வேலையில் இருக்கிறேன். எல்லோரும் சொற்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காற்புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வேலையில் நான் கண்ட மிகக் கனமான பிழை அதிலேயே நடந்தது.

சில வருடங்களுக்கு முன்னர் மீனவர்களுக்கான உதவி குறித்து ஒரு கடிதம் எழுதப்பட்டது. ‘வலைகளை இழந்த மீனவர்களுக்கு உதவி வழங்கப்பட வேண்டும்’ என்பது தமிழ் வாக்கியம். ஆங்கிலத்தில் அதை ‘த ஃபிஷர்மென், ஹூ லாஸ்ட் தெயர் நெட்ஸ், ஷுட் பி கிவன் ஹெல்ப்’ என்று இரண்டு காற்புள்ளிகளோடு எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் அங்குள்ள எல்லா மீனவர்களும் வலையை இழந்தார்கள், எல்லோருக்கும் உதவி வேண்டும் என்று பொருள். காற்புள்ளிகளை எடுத்துவிட்டால், வலையை இழந்தவர்களுக்கு மட்டும் உதவி வேண்டும் என்று பொருள். கடிதம் திரும்பி வந்தது. மொத்த மீனவர் தொகையையும் வலை இழந்தவர் தொகையையும் ஒப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு புள்ளிகளுக்காக வாரங்கள் கழிந்தன. கரையில் காத்திருந்தவர்களை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

தமிழில் இந்த வேறுபாடு எழுத்தில் தெரியாது என்பதுதான் சிக்கல். ‘மூதூரில் இருக்கிற என் அண்ணன்’ என்றால், எனக்கு ஓர் அண்ணனா பல அண்ணன்மாரா என்று வாக்கியம் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் காற்புள்ளி இருந்தால் ஒரே அண்ணன், இல்லையென்றால் அண்ணன்மாருள் மூதூரில் இருப்பவர். கோணேசர் கோயில், புறாத் தீவு, என் அம்மா என்று தாமே தனித்து நிற்கிற பெயர்களுக்குப் பின்னால் வருகிற கூறு எதையும் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. அது கூடுதல் செய்தி மட்டுமே. ஆகவே அங்கே காற்புள்ளி வேண்டும். காற்புள்ளி உள்ள இடத்தில் ‘தட்’ வராது, ‘ஹூ’ அல்லது ‘விச்’ என்றே எழுத வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிக்கொடுங்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. ‘இன்’, ‘வித்’ போன்றவற்றை வாக்கியக் கூற்றின் முடிவில் விடுவதை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். நான் படித்த காலத்தில் அது பிழை என்றே கற்பித்தார்கள். ‘த போட் இன் விச் யூ வில் கோ’ என்று எழுதுவதல்லவா முறை?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், திருகோணமலை

நானும் அப்படியே கற்றேன், பல வருடங்கள் அப்படியே கற்பித்தேன். அது பிழை என்ற கருத்தை இப்போது கைவிட்டுவிட்டேன். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் பேச்சிலும் மின்னஞ்சலிலும் முடிவிலேயே விடுகிறார்கள். நல்ல எழுத்தாளர்களும் விடுகிறார்கள். உங்கள் அலுவலகக் கடிதத்துக்கு ‘இன் விச்’, ‘டு ஹூம்’ பொருத்தமானவை. படகு அறிவித்தலில் அவை விறைப்பாக இருக்கும். முன்னால் கொண்டுபோனால் ‘தட்’ வரக்கூடாது, ‘ஹூ’ என்பது ‘ஹூம்’ ஆக மாறும் என்ற இரண்டையும் மறக்க வேண்டாம். ‘இன் தட்’ என்று பிள்ளைகள் எழுதுவதற்கு இந்த முறையை விளக்காமல் திணிப்பதே காரணம்.

இன்னொன்று. காற்புள்ளி இல்லாத கூற்றில் செயப்படுபொருளின் இடத்தில் ‘விச்’ வந்தால் அதை விட்டுவிடலாம்: ‘த போட் யூ வில் கோ இன்.’ எழுவாயின் இடத்தில் வந்தால் விடவே முடியாது. ‘விச்’ என்பதற்கு அடுத்து நேரே வினை வருகிறதா என்று பாருங்கள். வினை வந்தால் அது எழுவாய், கை வைக்காதீர்கள்.

மூதூர்த் தமிழாசிரியை

இதற்கும் நம் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘புலி கொன்ற யானை’ என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? உரையாசிரியர்கள் இப்படிப்பட்ட தொடர்களைத் தடுமாற்றம் தருபவை என்று எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே பொருளைத் தீர்த்துவிடுகிறது. ‘த எலிஃபண்ட் தட் கில்ட் த டைகர்’ என்றால் யானை கொன்றது. ‘த எலிஃபண்ட் தட் த டைகர் கில்ட்’ என்றால் புலி கொன்றது. இரண்டாவதில் ‘தட்’ என்பதை விடலாம், முதலாவதில் விட முடியாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் வேறு விதி தேவைப்படாது.

உப்புவெளி வரவேற்பாளன்

சேர், ரீச்சர், இரண்டு இரவுகளாக வேலை முடிந்தபின் தாள் வெட்டினேன். விருந்தினர் அடிக்கடி கேட்கிற இடங்களைப் பற்றியே எழுதிப் பார்த்தேன். திருத்தித் தாருங்கள்.

‘கன்னியா இஸ் எ ப்ளேஸ் வெயர் யூ கேன் சீ செவன் ஹாட் வெல்ஸ்.’

‘ஃபோர்ட் ஃபிரெட்ரிக் தட் த டச் கேப்ச்சர்ட் இன் 1639 வாஸ் கிவன் திஸ் நேம் இன் 1803.’

‘த பிரிட்ஜ் கனெக்ட்ஸ் கிண்ணியா வித் திருகோணமலை வாஸ் ஓபன்ட் இன் 2009.’

‘த டீர் விச் யூ சீ தெம் இன் த ஃபோர்ட் ஆர் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் பீப்பிள்.’

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், திருகோணமலை

முதலாவது முற்றிலும் சரி. அங்கே கன்னியாவில் காணலாம் என்று ‘இல்’ வருவதால் ‘வெயர்’ பொருந்துகிறது.

இரண்டாவதில் கோட்டை ஒன்றுதான், பெயரும் சொல்லிவிட்டீர்கள். ஆகவே இரண்டு பக்கமும் காற்புள்ளி வேண்டும்; ‘தட்’ என்பது ‘விச்’ ஆக வேண்டும். வாய்விட்டுப் படித்தால் ‘ஃபிரெட்ரிக்’ என்பதற்குப் பின் குரல் சற்று நிற்பதை நீங்களே கேட்பீர்கள்.

மூன்றாவதில் ‘கனெக்ட்ஸ்’ என்ற வினைக்கு முன்னால் ‘விச்’ வேண்டும். அது எழுவாய். அதை விட்டதால் ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள் ஒரு பாலத்துக்காகச் சண்டையிடுகின்றன.

நான்காவதில் ‘தெம்’ என்பதை எடுத்துவிடுங்கள். கோட்டைக்குள் நிற்கிற அந்த மான்களைத் தாளிலிருந்து வெட்டி எடுத்த பிறகு மறுபடியும் ஏன் ஒட்டினீர்கள்? இந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள்.

கிண்ணியாத் தாய்

மகளும் அந்த மான் வாக்கியத்தில் இதே பிழையைத்தான் விட்டாள். பிறகு தாளை வெட்டிப் பார்த்து, தானே கண்டுபிடித்துவிட்டாள். நீங்கள் சொன்ன ஐந்து வாக்கியங்களை அவளும் எழுதுகிறாள்.

உப்புவெளி வரவேற்பாளன்

புதிய அறிவித்தலை இன்று காலை எழுதினேன். ஒட்டுவதற்கு முன் உங்கள் பார்வைக்குத் தருகிறேன்.

‘த போட் யூ வில் கோ இன் லீவ்ஸ் அட் செவன். பிஜன் ஐலண்ட் விச் இஸ் எ நேஷனல் பார்க், ஹேஸ் கோரல்ஸ் தட் ஆர் ஈஸிலி டேமேஜ்ட். கெஸ்ட்ஸ் ஹூ கேனாட் ஸ்விம் மஸ்ட் டெல் த போட்மேன்.’

மொழிபெயர்ப்பாளர்

மூன்றாவது வாக்கியத்தில் காற்புள்ளி இடாமல் விட்டது மிகச் சரி; நீந்தத் தெரியாத விருந்தினர் மட்டும் படகோட்டியிடம் சொன்னால் போதும். இரண்டாவதில் ‘பார்க்’ என்பதற்குப் பின் காற்புள்ளி இட்டிருக்கிறீர்கள், ‘ஐலண்ட்’ என்பதற்குப் பின் விட்டுவிட்டீர்கள். அதையும் இட்டுவிட்டுப் பலகையில் ஒட்டுங்கள்.